விடியக்காலைல மட்டும் கத்துற வண்டி

அந்தச் சத்தத்த நான் முதல்ல கேட்டது 2022 தை மாசம். காலைல ஏழரை மணி இருக்கும், வண்டிய ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு கேட்டைத் திறக்க இறங்கினேன், கிச் கிச் கிச் கிச்னு ஒரே அளவுல, கூட்டுக்குள்ள இருந்து குஞ்சு தீனி கேக்குற மாதிரி ஒரு சத்தம். முற்றம் தூத்துக்கிட்டு நின்ன மாமி காதுலயும் அது விழுந்துருக்கு. "மக்ளே, உனக்க வண்டிக்குள்ள அணில் குஞ்சு போட்டிருக்கு, பாத்து எடு"ன்னாங்க. அவங்க சொன்னதுல ஞாயம் இருந்துச்சு, ஏன்னா முந்தின வருஷந்தான் பக்கத்து வீட்டு கார்ல எலி ஏறி வயரையெல்லாம் கடிச்சுப் போட்டுருந்துச்சு. பானெட்டைத் தூக்கி டார்ச் அடிச்சு மூலை மூலையா பாத்தேன். கூடும் இல்ல, குஞ்சும் இல்ல. திரும்ப உள்ள போய் ஆக்சிலேட்டர லேசா மிதிச்சேன், குஞ்சு வேகமா கத்துச்சு, காலை எடுத்ததும் பைய ஆயிருச்சு. அப்பவே புரிஞ்சு போச்சு, இது உசுரு உள்ளது இல்ல, இஞ்சினோட சேந்து சுத்துற ஏதோ ஒண்ணு.

எங்க வீடு பத்மநாபபுரம் கோட்டைக்குப் பக்கம். காலைல பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினா கோட்டை மதிலை ஒட்டித்தான் கொஞ்ச தூரம் போகணும். கண்ணாடிய இறக்கிட்டு அந்தக் கருங்கல் மதில் ஓரமா பைய ஓட்டிப் பாருங்க, வண்டிக்கு என்ன கோளாறு இருந்தாலும் மதில் அதைத் திருப்பி உங்க காதுக்கே சொல்லிரும். வெட்ட வெளில கேக்காத சத்தமெல்லாம் அங்க கேக்கும். அந்தப் பத்து மாசமும் தினமும் காலைல நான் அங்க கண்ணாடிய இறக்குவேன், அது கத்தும். மெயின் ரோடு ஏறி புலியூர்க்குறிச்சி தாண்டும்போது கொறஞ்சிருக்கும், வில்லுக்குறி வரும்போது சுத்தமா நின்னுரும். அப்புறம் சுங்கான்கடை, பார்வதிபுரம் பாலம் எல்லாம் ஏறி இறங்கி நாகர்கோவில் போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி பரம சாது.

இதுதான் பிரச்சனையே. நாகர்கோவில்ல எந்த வொர்க்‌ஷாப்ல கொண்டு நிறுத்தினாலும் வண்டி சத்தம் போடாது. ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதும் காய்ச்சல் விட்டுப் போன பிள்ளை மாதிரி நிக்கும். "எங்க மேடம் சத்தம்?"பாங்க. காலைல வரும்னு சொன்னா ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அந்தப் பார்வைய இன்னைக்கு வரைக்கும் என்னால மறக்க முடியல. ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல "டீசல் வண்டின்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும் மேடம், சார் வந்தா கூட்டிட்டு வாங்க, அவர்ட்ட சொல்லுறோம்"னாங்க. சார் மஸ்கட்ல இருக்காரு. வண்டிய தினமும் ஓட்டுறது நான், பெட்ரோல் பங்க்ல நிக்கிறது நான், 1,08,000 கிலோமீட்டர்ல பாதிக்கு மேல என் கையால ஓடினது. எங்க வீட்டுக்காரருக்கு போன்ல ரெக்கார்டு பண்ணி வாட்ஸாப்ல அனுப்பினேன், அவருக்கு இஞ்சின் இரைச்சல் மட்டுந்தான் கேட்டுச்சாம். பாவம், அவரும் "சும்மா மனசப் போட்டுக் கொழப்பாத"ன்னாரு. ஒரு கட்டத்துல வீட்டுல எனக்கும் மாமிக்கும் மட்டுந்தான் அந்தச் சத்தம் நிஜம்.

சத்தத்தை அமுக்கின கதை

பாக்கவே மாட்டோம்னு யாரும் சொல்லல, அதையும் சொல்லணும். பெல்ட்டுதான்னு ரெண்டு மூணு பேரு சரியாவே சொன்னாங்க. இஞ்சினுக்கு முன்னால ஒரு நீளமான தட்டைப் பெல்ட் ஓடும், உள்பக்கம் நீளவாக்குல ஆறு வரி மேடும் நடுநடுவுல பள்ளமுமா இருக்கும், இஞ்சின் சுத்துற கிராங்க் புல்லிங்கற சக்கரத்துல இருந்து கிளம்பி, பேட்டரிக்கு கரண்ட் ஏத்துற ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாத்தையும் சுத்த வைக்கிறது அதுதான். மார்ச்ல முதல் பெல்ட் மாத்தினோம். மூணு வாரம் ஒரு சத்தம் இல்ல. நாலாவது வாரம் திங்கக்கிழமை காலைல, கிச் கிச். ஜூன்ல ரெண்டாவது பெல்ட், கூடவே பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர். ஒரு மாசம் நிம்மதி, அப்புறம் திரும்ப வந்துச்சு. செப்டம்பர்ல மூணாவது பெல்ட், பெல்ட்டுக்கு வழி காட்டுற ஐட்லர் புல்லி. இதுக்கு இடைல பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் தேங்காண்ணெய் தொட்டு பெல்ட்டுல தடவி விட்டாரு, ஒரு நாள் அமைதி, மறுநாள் முன்னைக்கும் விட மோசம். இன்னொருத்தர் ஸ்ப்ரே அடிச்சாரு. சோப்பு கூட வச்சுத் தேச்சுப் பாத்தாச்சு. மொத்தம் 9,400 ரூவா ஆயிருந்துச்சு.

எண்ணெய் விஷயத்த மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், ஏன்னா எங்க பக்கம் எல்லாத்துக்கும் தேங்காண்ணெய்தான். இப்ப வர்ற பெல்ட் பெரும்பாலும் ஈ.பி.டி.எம்.னு ஒரு செயற்கை ரப்பர். வெயில் சூடு தாங்கும், ஆனா எண்ணெய் பட்டா ஊறி உப்பிரும். நம்ம தோட்டத்து ரப்பரும் எண்ணெய்க்கு ஆகாது, இதுவும் ஆகாது. இன்னொண்ணு, பழைய காலத்துப் பெல்ட் வயசானா குறுக்க வெடிப்பு விடும், பாத்ததும் தெரிஞ்சிரும். இந்த ஈ.பி.டி.எம். பெல்ட் அப்படி லேசுல வெடிக்காது, டயர் மாதிரி தேஞ்சுக்கிட்டே போகும். பானெட்டைத் தூக்கி எட்டிப் பாத்துட்டு "விரிசல் ஒண்ணும் இல்ல மேடம், பெல்ட் நல்லாருக்கு"ன்னு சொன்னவங்க எல்லாரும் பழைய பெல்ட்டோட அடையாளத்தப் புதுப் பெல்ட்டுல தேடிருக்காங்க.

ஒவ்வொரு தடவை சத்தம் நிக்கும்போதும் எனக்கு சந்தோஷமா இருக்கும், கூடவே ஒரு பயமும் இருக்கும். சத்தம் போச்சு, சரி, எதனால வந்துச்சு? யாருக்கும் தெரியாது. ஒரு பெல்ட் மூணு வாரத்துல கெட்டுப் போகும்னா அந்தப் பெல்ட்ட ஏதோ ஒண்ணு கெடுக்குதுன்னுதானே அர்த்தம். இதைக் கேட்டா "டூப்ளிகேட் பெல்ட்டா இருக்கும், ஒரிஜினல் போடுங்க"ம்பாங்க. மூணாவது போட்டது ஒரிஜினல்தான்.

குலசேகரம்

ஸ்கூல்ல கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க சொல்லித்தான் குலசேகரத்துல அந்த மெக்கானிக் ஆசான்கிட்ட போனேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும், ரப்பர் தோட்டத்து ஓரமா தகரக் கொட்டகை, போர்டு கூட இல்ல. ஐப்பசி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் போனதுமே தயாரா இருந்தேன், "எங்க சத்தம்?"னு கேப்பாருன்னு. அவர் கேக்கல. பானெட்டையும் தூக்கல. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உக்காரச் சொல்லிட்டு, கைய வேஸ்ட் துணில தொடச்சுக்கிட்டே "சொல்லு மக்ளே"ன்னாரு.

இருபது நிமிஷம் கேள்விதான். காலைல எத்தன மணிக்கு வருது, எத்தன நிமிஷம் இருக்குது, ஏசி போட்டா கூடுதா, ஹெட்லைட் போட்டா கூடுதா, மழை நாள்ல எப்படி, நீட்டிக் கத்துதா விட்டு விட்டுக் கத்துதா. விட்டு விட்டுன்னு சொன்னதும் தலைய ஆட்டிக்கிட்டாரு. "பெல்ட் லூஸா இருந்து வழுக்கினா க்ரீஈஈச்னு நீட்டிக் கத்தும். குருவி மாதிரி கொத்திக் கொத்திக் கத்துனா அது வேற சீக்கு." அப்புறம் கேட்டதுதான் இந்தப் பத்து மாசத்துல என்கிட்ட யாருமே கேக்காத கேள்வி. "இந்தச் சத்தம் முதல்ல வாறதுக்கு முந்தி வண்டில என்ன வேலை பாத்த?"

ஒண்ணும் இல்ல ஆசானேன்னு சொல்ல வாயத் திறந்தேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. 2021 நவம்பர் மழை நம்ம மாவட்டத்துக்காரங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல, ரயில் பாதைல மண்ணு சரிஞ்சு திருவனந்தபுரம் ரயிலெல்லாம் நின்னுச்சே அந்த மழை. அப்ப எங்க முற்றத்துல பம்பர் வரைக்கும் தண்ணி ஏறிருச்சு. ரெண்டு வாரம் கழிச்சு டாஷ்போர்டுல பேட்டரி லைட் எரிஞ்சுது. ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைல ஆல்டர்னேட்டரக் கழட்டி பேரிங்கும் பிரஷ்ஷும் மாத்திக் குடுத்தாங்க, லைட் அணைஞ்சிருச்சு, அந்த வேலை அதோட முடிஞ்சு போச்சுன்னு நானும் விட்டுட்டேன். அது கரண்ட் பிரச்சனை, இது சத்தப் பிரச்சனை, ரெண்டையும் சேத்து நெனைக்கவே எனக்குத் தோணல. நான் சொல்லி முடிச்சதும் அவர் கொஞ்ச நேரம் பேசல.

"பழைய பெல்ட்டெல்லாம் எங்க? எறிஞ்சாச்சா?"

எறியல. எங்க வீட்டுல எதையும் எறிய மாட்டாங்க. ரெண்டு பழைய பெல்ட்டையும் மாமி அறுத்து, கொல்லைல ஏத்தன் வாழைக்கு முட்டுக் குடுத்துக் கட்டி வச்சிருக்காங்க. அதைச் சொன்னதும் "அதை அவுத்துட்டு வா"ன்னாரு. "சத்தம் எப்ப வருதோ அப்ப நாம அங்க நிக்கணும் மக்ளே. வண்டி இன்னைக்கு இஞ்ச கிடக்கட்டு. நான் தொட மாட்டேன். விடிய ஆறு மணிக்கு நீ வா, நீதான் ஸ்டார்ட் பண்ணணும்."

வீட்டுக்கு பஸ்ல வந்தேன். ஜன்னல் ஓரமா உக்காந்து வரும்போது கண்ணு கலங்கிருச்சு. வண்டி இன்னும் சரியாகல, ஆனா ஒரு மனுசன் கேக்காத சத்தத்த நான் சொன்னேன்னு நம்பி, அது வர்ற நேரத்துக்குக் காத்திருக்கேன்னு சொல்லியிருக்காரு. பத்து மாசமா எனக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான்.

ஒரு பாட்டில் தண்ணி

மறுநாள் தம்பி பைக்ல பின்னால உக்காந்து, மடில வாழைக்கறை பட்ட ரெண்டு பெல்ட்டோட போனேன். திருவட்டாறு தாண்டினதும் ரோட்டுல பனி இறங்கிக் கிடந்துச்சு. தோட்டத்துக்குள்ள பால்வெட்டுக்காரங்க நெத்தில கட்டின லைட் அங்கங்க மரத்துக்கு மரம் நகந்துக்கிட்டு இருந்துச்சு. கொட்டகை முன்னால என் வண்டி நேத்து விட்ட இடத்துலயே நிக்குது, கண்ணாடி முழுக்க ஈரம். ஆசான் கட்டன்சாயா குடிச்சுட்டு நின்னாரு. தோட்டத்துல சீவிடு பூச்சி சத்தம் வேற காதை அடைக்குது, எனக்கு அதுலயும் ஒரு பயம், இவ்வளவு கிச்கிச்சுல என் கிச்கிச்ச எப்படிக் கேப்பாருன்னு.

ஷால எடுத்துப் பின்னால இறுக்கி முடிஞ்சுக்கோன்னாரு, ஓடுற பெல்ட் பக்கத்துல தொங்குற துணி ஆகாது. பானெட்டைத் தூக்கி வச்சுட்டு கையக் காட்டினாரு. சாவியத் திருப்பினேன்.

கிச் கிச் கிச் கிச்.

நான் அவர் முகத்தையே பாத்துட்டு இருந்தேன். ஒரு காதைச் சாய்ச்சு நின்னவரு "ஆ, இருக்குல்லா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, எனக்கு அழுகை வந்துருச்சு.

அப்புறம் ஒரு தண்ணி பாட்டில் மூடில சின்னதா ஓட்டை போட்டு வச்சிருந்தாரு, அதை எடுத்து ஓடுற பெல்ட்டோட பள்ளம் உள்ள பக்கத்துல பீச்சி விட்டாரு. சத்தம் டக்குனு நின்னுச்சு. வெறும் இஞ்சின் ஓட்டம் மட்டும். கைய உசத்தி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சாரு. எட்டு எண்ணும்போது ஒரு கிச். பத்துல பழையபடி முழுசா வந்துருச்சு. திரும்பவும் பீச்சினாரு, நின்னுச்சு, வந்துச்சு. மூணு தடவை செஞ்சு காட்டினாரு, தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினாரு.

இதுல இருக்குற சூட்சுமத்த அவர் சொன்னபடியே சொல்லிருதேன், யாருக்காவது உதவும். தண்ணி பட்டதும் சத்தம் கூடினா பெல்ட் லூஸ், வழுக்குது, டென்ஷனரப் பாக்கணும். தண்ணி பட்டதும் நின்னு, காயக் காயத் திரும்ப வந்தா புல்லி நேரா இல்ல, பெல்ட் கோணலா ஏறி இறங்குது. கோணலா ஏறும்போது பள்ளத்தோட சுவர்ல ரப்பர் ஒட்டும், வழுக்கும், ஒட்டும், வழுக்கும், அந்த ஒட்டலும் வழுக்கலுந்தான் கிச் கிச். நிறைய தண்ணி விட்டா ஒட்டாம வழுக்கிக்கிட்டே போயிரும், அதான் நிக்குது. பனி ஈரம் அப்படி இல்ல, கொஞ்சூண்டு, ஒட்டவும் விடாது வழுக்கவும் விடாது, அதான் காலைல கத்துது. அதோட ராத்திரி முழுக்க நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணினதும் ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட பேட்டரில திருப்பி ஏத்த ஆல்டர்னேட்டர் கூடுதலா உழைக்கும், பெல்ட்டுக்கும் இழுவை கூடும். இஞ்சின் சூடேறி எல்லாம் காஞ்சு, பேட்டரியும் நெறஞ்சா சத்தம் அடங்கிரும். வில்லுக்குறி வரும்போது ஏன் நிக்குதுங்கறதுக்கு அங்க பதில் கிடைச்சுது.

இஞ்சின நிறுத்திட்டு நான் கொண்டு போன பெல்ட் ரெண்டையும் வாங்கி, பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல நீட்டிப் போட்டாரு. வண்டில இருந்த மூணாவதையும் கழட்டி அதோட வச்சாரு. விரலால ஓரத்தைத் தடவச் சொன்னாரு. ஒரு ஓரம் புதுசு மாதிரி சொரசொரன்னு இருக்கு, மறு ஓரம் கண்ணாடி மாதிரி வழவழன்னு தேஞ்சு, வாழைல கட்டினதுல ரெண்டு நூல் கூட பிரிஞ்சு தொங்குது. மூணுலயும் ஒரே பக்க ஓரம். மூணும் வேற வேற கம்பெனி, வேற வேற மெக்கானிக் போட்டது, மூணையும் ஒரே கை சீவி விட்ட மாதிரி. அந்த ஓரம் நாலஞ்சு மாசமா எங்க கொல்லைல வாழைமரத்துல இருந்திருக்கு, நான் தினமும் அதைத் தாண்டித்தான் துணி காயப் போடப் போவேன்.

கொத்தனார் நூல் பிடிப்பாருல்ல, அதே மாதிரி வெள்ளை நூல் ஒண்ண எடுத்து கிராங்க் புல்லியோட ஒரு பள்ளத்துல பதிச்சு, நேரா ஆல்டர்னேட்டர் புல்லிக்கு இழுத்துப் பிடிச்சாரு. நூல் அங்க பள்ளத்துல விழணும். விழல. ரெண்டு பள்ளத்துக்கு நடுவுல உள்ள மேட்டு மேல கிடந்துச்சு. இந்த மாதிரி பெல்ட்டுல ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் 3.56 மில்லிமீட்டர்தான், அதுல பாதின்னா ரெண்டு மில்லிக்கும் கொறவு. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா இந்தப் பெல்ட் தாங்குற கோணல் ஒரு டிகிரில மூணுல ஒரு பங்குதான். எங்க வண்டில அந்த ரெண்டு புல்லிக்கும் நடுவுல பதினஞ்சு சென்டிமீட்டர் இடைவெளி, அந்தத் தூரத்துக்கு ஒரு மில்லி கூட விலகக் கூடாது. இது அதைப் போல ரெண்டு மடங்கு.

ஆல்டர்னேட்டரக் கழட்டி புல்லி நட்டை அவுத்தாரு. பேரிங்குக்கும் புல்லிக்கும் நடுவுல ஒரு இரும்பு வளையம் இருக்கணும், ஒரு பெரிய வாஷர் கணக்கா. இல்ல. பேரிங் மாத்தினவங்க அதைக் கழட்டி வச்சுட்டு திரும்பப் போட மறந்துட்டாங்க, அதனால புல்லி உள்ள தள்ளிப் போயிருச்சு. புதுப் பெல்ட் போட்டா ஓரம் தேயுற வரைக்கும் பொறுத்துக்கும், தேஞ்சதும் கத்தும். மூணு வாரக் கணக்கு அதுதான்.

பத்து மணிக்கு லேத்துப் பட்டறை திறந்ததும் அளவு சொல்லி வளையம் கடைஞ்சு வாங்கினோம், 150 ரூவா. பளபளன்னு, உள்ளங்கைல வச்சா ஒரு மோதிரம் கனம் கூட இல்ல. அதைப் போட்டு, அதே மூணாவது பெல்ட்டையே மாட்டி, திரும்ப நூல் பிடிச்சாரு. இந்தத் தடவை நூல் தானா பள்ளத்துல இறங்கிருச்சு. கூலி 500 ரூவா வாங்கினாரு, கூடக் குடுத்தேன், வாங்கல. அந்தப் பெல்ட் 2024 வரைக்கும் ஓடுச்சு, பனி மாசம் ரெண்டு கடந்து, ஒரு கிச் இல்லாம. பழைய பெல்ட்டுல ஒண்ண வர்றவங்களுக்குக் காட்டணும்னு சொல்லி கொட்டகைல ஆணில மாட்டி வச்சுக்கிட்டாரு. இன்னொண்ணு மாமியோட ஏத்தன் வாழைக்கே திரும்பிருச்சு.

அடுத்த வாரம் அந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். சண்டை போடப் போகல, அடுத்த வண்டிக்கு இது நடக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் போனேன், ஆனா போற வழியெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கடைக்காரர் நான் சொன்னதப் பொறுமையாத்தான் கேட்டாரு. மறுத்தும் பேசல. "இருக்கும் மேடம், பசங்க மறந்துருப்பாங்க"ன்னுட்டு, மேசைக்குக் கீழ இருந்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவ இழுத்து என் முன்னால வச்சாரு. "இதுல பாருங்க, உங்க வண்டியோடது இதுலதான் கிடக்கும்."

குனிஞ்சு பாத்தேன். பெருசும் சிறுசுமா வளையம் வளையமா, பாதி டப்பா நெறஞ்சு கிடந்துச்சு.